அம்புக்குறி போட்ட சுவர்

1

நேற்றும் நான்கு பேர் வந்து எங்கள் கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் ஜப்பான்காரன். மற்றவர்கள் எந்த ஊரோ தெரியவில்லை. அதில் ஒருவன் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு காமிராவை மேலே தூக்கிப் பிடித்தான். நான் திரையை இழுத்து மூடினேன். வெளியே கொடியில் என் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அது அவன் படத்தில் விழுந்திருக்கும். எந்த ஊர்ப் புத்தகத்தில் போய் அச்சாகப் போகிறதோ.

நான் லண்டனுக்கு வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம் முடிகிறது. மூன்று வருடமாக இந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறோம். கட்டடக்கலை படிக்கிறவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து பார்க்கிற கட்டடமாம் இது. ஒரு வீட்டை இத்தனை பேர் வந்து நின்று பார்த்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். நம் ஊரில் ஒரு வீட்டின் முன்னால் கூட்டம் நின்றால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் ஜப்தி.

முன்பெல்லாம் வருகிறவர்கள் கட்டடத்தை மட்டும் எடுப்பார்கள். இப்போது கிளம்பும்போது பக்கவாட்டுச் சுவரையும் எடுக்கிறார்கள். நான் எழுதவேண்டியது அந்தச் சுவரைப் பற்றித்தான்.

பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மகள் மஞ்சுவை ஊருக்கு அனுப்புவதாகச் சொன்னீர்கள், பள்ளிக்கூடத்தில் இடம்கூடச் சொல்லிவைத்தாகிவிட்டது, கடைசி நேரத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். சிலர் கேட்கிற விதத்திலேயே வேறு எதையோ நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது. வயசுப் பெண், வெளிநாடு, அதனால் இருக்கும் என்று. அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத என்னால் முடியவில்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

2

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முழுவதும் பச்சைக் கான்கிரீட். மேலே பூச்சே கிடையாது. சென்ட்ரிங் பலகையின் கோடுகள் அப்படியே தெரியும். சாவி வாங்கிக்கொண்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இன்னா கௌரி, பூசாமயே குடுத்துட்டானுங்க? டப்பு பத்தலயா?" என்றார். அது குறை இல்லை, அப்படி விடுவதுதான் இப்போதைய பாணி என்று பிறகு தெரிந்துகொண்டோம். மழை பெய்தால் சுவரெல்லாம் கறுப்புக் கறுப்பாக வழியும். அதற்கும் படம் எடுக்கிறார்கள்.

எங்கள் வீடு நான்காம் மாடியில். வீடுகளுக்கு முன்னால் ஒரு நடைபாதை, கட்டடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அந்தரத்தில் ஓடுகிறது. வானத்தில் ஒரு தெரு என்று வரைந்தவர்கள் அதற்குப் பேர் வைத்தார்களாம். குழந்தைகள் விளையாடும், அக்கம்பக்கத்தார் நின்று பேசுவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். இந்த மூன்று வருடத்தில் அங்கே நின்று என்னோடு பேசியது பக்கத்து வீட்டு பெர்ல் ஒருத்திதான். ஜமைக்காவிலிருந்து வந்தவள், ஆஸ்பத்திரியில் வேலை. மற்றவர்கள் கதவைத் திறக்கிற சத்தம் கேட்கும், மூடுகிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான். படிக்கட்டு திருப்பத்துக்குத் திருப்பம் இருட்டாக இருக்கும். எதிரில் யார் வருகிறார்கள் என்பது அவர்கள் நம்மேல் வந்து இடிக்கிறவரை தெரியாது. இதை வரைந்தவர் சாயங்காலம் தனியாகப் பால்பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவராக இருக்கமுடியாது.

ரோட்டுப் பக்கம் இருக்கிற சுவரில் ஜன்னல் என்பதே கிடையாது. அடியிலிருந்து நுனி வரை ஒரே கான்கிரீட். பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதன் அடியில் ஆள் உயரத்துக்கு எப்போதும் ஏதாவது கிறுக்கியிருக்கும். எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் வந்த இடத்துக்கே திரும்பிப் போகவேண்டும் என்று ஒரு கட்சிக்காரர்கள் இங்கே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுடைய எழுத்துகளும் அங்கே இருக்கும். அவசரத்தில் எழுதியதுபோல் கோணலாக இருக்கும். நான் படிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

3

ஒரு திங்கட்கிழமை. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் பரிமாறுகிற வேலை பார்க்கிறேன். பொன்னேரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள், இங்கே பட்டாணி பரிமாறுகிறேன். அது வேறு கதை. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை.

சுவரில் இருந்த கிறுக்கல்கள் எல்லாம் போயிருந்தன. ஏணி வைத்து எட்டுகிற உயரம் வரைக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். வெள்ளையின் மேல் நீலத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடு. கோட்டின் இரண்டு முனையிலும் அம்புத்தலை. நான்கு மூலையிலும் ஏதோ எழுத்து. வேறு ஒன்றும் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் நைனாவின் ரைஸ்மில் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்த அந்த நீளச் சுவரும் தெரியும். மெட்ராஸிலிருந்து நெல்லூர்ப் பக்கம் போகிற பஸ், லாரி எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். தேர்தல் வந்துவிட்டால் அந்தச் சுவருக்கு இருக்கிற மவுசு வேட்பாளருக்குக்கூட இருக்காது. முதலில் வருகிறவன் சுண்ணாம்பு அடிப்பான். அடித்த கையோடு நீலத்தில் கோடு இழுத்து, இரண்டு பக்கமும் அம்பு போட்டு, மூலைகளில் கட்சியின் எழுத்தைப் போட்டுவிடுவான். சின்னம் வரைவதும் பேர் எழுதுவதும் பிறகு ஆகட்டும் என்று போய்விடுவான். அம்பு விழுந்துவிட்டால் அந்தச் சுவர் அவனுடையது, மற்றவன் தொடக்கூடாது. இது எந்தச் சட்டத்திலும் கிடையாது, ஆனால் ரோடு நெடுக எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்சிக்காரர் வந்து கேட்டாலும் நைனா ஒரே பதில்தான் சொல்வார். "மொதல்ல எவன் வரானோ அவனுக்கு. எனுக்கு எல்லாரும் நெல்லு கொண்டாறவங்கதான்."

அறுபத்தேழு தேர்தலில் அண்ணன் தணிகாசலமும் அவன் கூட்டாளிகளும் முதலில் போய் சுண்ணாம்பு அடித்து அம்பு போட்டார்கள். மறுநாள் விடிந்தபோது எதிர்த்தரப்பு ஆட்கள் அம்புக்கு மேலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தனியாகக் கேட்கப் போனான். ஏணியைத் தூக்கி அதன் காலால் அடித்தார்கள். நான் ஓடிப்போனபோது அவன் சுண்ணாம்பு வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து சொட்டிய ரத்தத்தில் வாளியின் சுண்ணாம்பு ரோஸ் நிறமாகியிருந்தது. பொன்னேரி டாக்டரிடம் தையல் போட்டுக்கொண்டு வந்தோம். புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதிலிருந்து எழுதி முடித்த சுவரைக் கண்டு நான் பயந்ததில்லை. எழுதியாகிவிட்டது, கோபமும் தீர்ந்துவிட்டது. வெள்ளை அடித்து, அம்பு போட்டு, காத்துக்கொண்டிருக்கிற சுவரைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

இப்போது லண்டனில் அதே சுவர். இங்கே சுவரில் எழுதுகிற கட்சி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். இதுவரை திருட்டுத்தனமாகக் கிறுக்கிவிட்டு ஓடியவர்கள் இப்போது முழுச் சுவரையும் பிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் பெரிதாக எதற்கோ தயாராகிறார்கள். வெள்ளைக்காரன் எங்கே போய் நம் ஊர் அம்பைக் கற்றுக்கொண்டான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்சிக்காரன் எந்த நாட்டிலும் ஒரே ரகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில்வே பட்டறையில் வேலை முடித்து என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவருக்குத் திருநின்றவூர்ப் பக்கம். கழற்றிய குளிர்கோட்டை மறுபடி மாட்டாமலே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமா, புட்ச்சிட்டானுங்க. மூலை மூலைக்கு எழுத்து போட்டுக்கினு இருக்கானுங்க" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

4

மஞ்சு பத்து வயதில் இங்கே வந்தாள். இப்போது பதினைந்து. உப்பு வேண்டும், மோர் வேண்டும் என்றால் தமிழில் கேட்பாள். மற்றதெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், இடையில் அவள் அப்பா இரண்டும் கலந்து எதையாவது சொல்வார். மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டாலும் மூன்று வீட்டில் இருப்பதுபோல் இருக்கும்.

கீழே பிள்ளைகள் கூடுகிற கிளப் ஒன்று இருக்கிறது. அங்கே போகக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். லைப்ரரிக்குப் போகிறேன் என்பாள். திரும்பி வரும்போது கையில் புத்தகம் இருக்காது. நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருக்கும். தலைமுடியில் டர்பன்டைன் வாசனை. பள்ளிக்கூடத்தில் வரைந்தோம் என்றாள். விடுமுறை நாளில் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது?

ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது அவள் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே பத்திரிகைகளிலிருந்து கிழித்த படங்கள். சிகாகோ, மெக்சிகோ, சிலி என்று கீழே ஊர்ப்பேர் போட்டிருந்தது. வீட்டுச் சுவர், ஆஸ்பத்திரிச் சுவர், மீன் மார்க்கெட் சுவர் என்று சுவர் முழுக்க ராட்சத மனிதர்கள். மண்வெட்டியும் சுத்தியலும் பிடித்த பெரிய பெரிய கைகள். கதவு அகலத்துக்குக் கண் உள்ள பெண்கள். சிலர் முஷ்டியை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். இது ஓவியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்சிப் பிரசாரம் என்றுதான் தோன்றியது.

அதற்கடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் மஞ்சு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். தலை வாரவில்லை, உடுப்பெல்லாம் பெயின்ட். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். யார் என்று கேட்டேன். ஹெலன், ஆர்ட் டீச்சர் என்றாள் மஞ்சு. எந்த ஸ்கூல் டீச்சர் என்றேன். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.

பெர்லிடம் போய் சுவரைப் பற்றி எச்சரித்தேன். கீழே பிள்ளைகளை விடாதே, அந்தக் கட்சிக்காரர்கள் பெரிதாக எதையோ செய்யப்போகிறார்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உன் பெண்ணைக் கேட்டுப் பார் என்றாள். எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. என் பெண்ணைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும், எனக்குத் தெரியாதது?

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். "ரெண்டு வருசம் உங்க அண்ணன் ஊட்ல இருந்து படிக்கட்டும். இங்க வாணாம். அங்கன்னா சேஃப்பு."

நான் மறுத்துப் பேசவில்லை. அண்ணனுக்கு எழுதினோம். உடனே பதில் வந்தது. பொன்னேரியில் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லிவிட்டேன், பெண்ணை அனுப்பு என்று எழுதியிருந்தான். கூடவே ஊர்ச் சங்கதியும். ஃபாக்டரிகள் வரப்போகின்றன என்று வயலையெல்லாம் எடுக்கிறார்களாம். ஃபாக்டரி வருவதற்கு முன்னால் காம்பவுண்டுச் சுவர்கள் எழும்பிவிட்டனவாம், ரோட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும். தேர்தல் வந்தால் அதில் பாதி நம்முடையது, இப்போதே ஆள் சொல்லிவைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். அந்த வரிகளை அப்போது நான் சும்மா படித்துத் தாண்டிவிட்டேன்.

மஞ்சுவிடம் சொன்னோம். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூடம் மூடியதும் என்றேன்.

"அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள், தமிழில்.

எது முடிந்துவிடும் என்று கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

சுவர் யாருடையதோ அவரிடம் கேட்பதுதான் நம் முறை. நைனாவிடம் வந்து கேட்பார்களே, அதுபோல. அரை நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

முதல் ஜன்னலில் இருந்த பெண், வீட்டின் உள்சுவர்தான் எங்களுடையது, வெளிச்சுவரில் பெயின்ட் இருந்தால் அது துப்புரவுப் பிரிவு என்றாள். துப்புரவுப் பிரிவில், கிறுக்கல் இருந்தால்தான் நாங்கள் வருவோம், வெறும் வெள்ளையாக இருந்தால் அது சுத்தமான சுவர்தானே என்றார்கள். ரோட்டைப் பார்த்த பக்கம் என்பதால் மூன்றாம் மாடியில் ரோட்டுப் பிரிவில் கேட்கச் சொன்னார்கள். அங்கே ஒரு வயதானவர் இருந்தார், மரியாதையான மனிதர். அந்தச் சுவரை எந்த பார்ட்டிக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிறந்தநாள் பார்ட்டி என்றால் கூடத்தைத்தான் வாடகைக்கு எடுக்கவேண்டும் அம்மா என்றார். நான் கட்சியைச் சொல்கிறேன் என்று விளக்கினேன். சுவரை யாரும் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது, அப்படி ஒரு வழக்கமே இந்த நாட்டில் இல்லையே என்று சிரித்தார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். வழக்கமே இல்லை என்றால் அந்த அம்பைப் போட்டது யார்? இந்தக் கேள்வி அப்போதுதான் முதல்முறையாக வந்தது. வந்ததும் பயம் குறையவில்லை, கூடியது. இவர்களுக்கும் தெரியாமல் ஏதோ நடக்கிறது, அல்லது தெரிந்தே மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

6

சனிக்கிழமை காலை. துணி காயப்போட வெளியே வந்தவள் நடைபாதையின் கோடிவரை போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சுவருக்கு முன்னால் மஞ்சு நின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரில் இரண்டு பேர். தலையை ஒட்ட வெட்டிய இளைஞர்கள், காலில் கனமான பூட்ஸ்.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை. செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சுவரின் நீலக்கோட்டைக் கையால் காட்டி அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எங்களுடையது, இங்கே நீங்கள் எழுதக்கூடாது என்று, ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை நினைவூட்டுவதுபோல் நிதானமாகச் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிரித்தான். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து ஒரு பெயின்ட் டப்பாவை எடுத்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில், அவள் தோளை உரசினாற்போல், சுவரில் கறுப்பாகப் பீச்சிக்கொண்டே நடந்தான். அம்பின் தலையை அடித்துக்கொண்டு அந்தக் கறுப்பு போயிற்று. மஞ்சு நகரவில்லை. நான் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். மேலே நடைபாதையிலிருந்து பெர்ல் கத்திய கத்தலில் நான்கைந்து கதவுகள் திறந்தன. இருவரும் அவசரப்படாமல் நடந்து போனார்கள். போகும்போது ஒருவன் திரும்பி மஞ்சுவின் முகத்தை நன்றாகப் பார்த்தான். எங்கே போனாலும் அந்தப் பார்வைதான் என் கண்முன் நிற்கிறது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி ஏறினேன். வழியெல்லாம் திட்டினேன். அவங்க செவுத்துல உனக்கு இன்னா வேலை என்று கேட்டேன்.

"அவங்க சுவரு இல்ல. நாங்க புடிச்ச சுவரு."

"நாங்கன்னா?"

கிளப் பிள்ளைகள் எல்லோரும், பெர்லின் இரண்டு பையன்கள், ஹெலன் என்று சொன்னாள். பெரிய படம் ஒன்று வரையப்போகிறார்களாம், மாதக்கணக்காக அதற்குத்தான் கோடு போட்டுப் பழகினார்களாம். ஆனால் அந்த ஆட்கள் வாராவாரம் வந்து கிறுக்கிக்கொண்டே இருந்தார்களாம். என்ன செய்வது என்று ஹெலனுக்கே தெரியவில்லை. அப்போது மஞ்சுதான் சொல்லியிருக்கிறாள், எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று.

"அந்த அம்பு யார் போட்டது?"

"நான்தான்."

"யாருடி உனக்குக் கத்துக்குடுத்தா?"

"மாமாதான். தாத்தா மில்லு சுவத்துல, நான் தேர்ட் ஸ்டாண்டர்டு படிக்கும்போது. என் கையைப் புடிச்சி போட வெச்சாரு. அம்பு போட்டுட்டா எவனும் தொடமாட்டான்னு சொன்னாரு."

எழுபத்தொன்று தேர்தல். அப்போது இவள் என் அண்ணனின் தோளிலேயே தொங்கிக்கொண்டிருப்பாள். அவன் இதை எப்போது செய்தான் என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் அவள் அப்பாவிடமும் இதையேதான் சொன்னாள். மூலைகளில் இருந்தது கிளப்பின் முதலெழுத்தாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, இந்த ஊர்ல எவனுக்கும்மா அந்த அம்பு தெரியும்?"

"உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிதே."

அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அத்தனை பெரிய பட்டணத்தில் அந்த அம்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நாங்கள்தான் அதைப் பார்த்துப் பயந்து அவளுக்கு டிக்கெட் எடுத்துவைத்திருந்தோம்.

7

மறுநாள் காலையில் பார்த்தபோது சுவர் முழுக்க எழுதியிருந்தார்கள். என்ன எழுதியிருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். மஞ்சு என்னோடு வந்து பார்த்தாள். அழவில்லை. கணக்குத் தப்பிப்போன பிள்ளை விடையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ம்மா, ஊர்ல இப்படி மேல எழுதிட்டா இன்னா பண்ணுவாங்க?"

ஐந்து வருடத்தில் அவள் என்னிடம் ஊரைப் பற்றி எதையும் கேட்டதில்லை. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மாமா நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறதே, தெரியுமா என்று கேட்டேன். மில்லில் பெல்ட் அறுந்து அடித்தது என்று மாமா சொன்னதாகச் சொன்னாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஏணிக்கால், சுண்ணாம்பு வாளி, தையல், எல்லாம். பயந்து விலகிக்கொள்வாள் என்பதுதான் என் எண்ணம்.

"அப்புறம் மாமா இன்னா பண்ணாரு?" என்றாள்.

"கட்டுப் போட்டுக்கினு போயி மறுபடியும் சுண்ணாம்பு அடிச்சாரு." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று பட்டது.

மத்தியானத்துக்குள் ஹெலனும் பெர்லின் பையன்களும் வாளியோடு வந்துவிட்டார்கள். மேலும் இரண்டு முறை அந்த ஆட்கள் எழுதினார்கள், இரண்டு முறையும் இவர்கள் வெள்ளை அடித்தார்கள். பிறகு இந்தக் கோடியிலிருந்து படம் வரைய ஆரம்பித்தார்கள். ஹெலன் ஒருநாள் மேலே வந்து என் சமையலறையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று மஞ்சு சொன்னதை நம்பியதாகச் சொன்னாள். நல்லவளாகத்தான் தெரிகிறாள். ஆனால் அவள் இந்தக் கட்டடத்தில் குடியிருக்கவில்லை. சாயங்காலம் ஆனால் பஸ் ஏறிப் போய்விடுவாள். இருட்டிய பிறகு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கவேண்டியது என் பெண். இதை அவளிடமே சொன்னேன்.

படமும் எனக்குப் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கைகள் உடம்பைவிடப் பெரிதாக இருக்கின்றன. ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் வரையவேண்டும் என்கிறாள் மஞ்சு. பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் உண்மை.

டிக்கெட் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் பழைய பேச்சையேதான் பேசினார். இப்போது அவள் முகமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே, முன்னைவிட இப்போதுதான் அனுப்பவேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் பல நாள் யோசித்தேன். பாதுகாப்பு என்று நாங்கள் அனுப்ப நினைத்தது யார் வீட்டுக்கு? இவள் கையைப் பிடித்து அம்பு போட வைத்தவன் வீட்டுக்கு. அவன் சுண்ணாம்பு வாங்கிவைத்துக்கொண்டு தேர்தலுக்குக் காத்திருக்கிறான். ரோட்டிலிருந்து ஸ்டேஷன் வரை புதுச் சுவர்கள் எழும்பியிருக்கின்றன. அந்தச் சுவர்களுக்கு முன்னால் இவள் சும்மா நிற்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஊரிலும் நம்பிக்கை இல்லை. அந்த இருவரும் திரும்பி வரமாட்டார்கள் என்று பெர்ல் சொல்கிறாள், அதையும் நான் நம்பவில்லை. இரண்டு இடத்திலும் சுவர் இருக்கிறது. இங்கே மட்டும்தான் பக்கத்தில் நான் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராகச் சுவருக்குத்தான் போகிறேன். ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகப் போய்ப் பிடித்தேன். பிள்ளைகள் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

டிக்கெட்டுக்கு மூன்று நாள் இருந்தபோது மஞ்சு ஏணியின் பாதியில் நின்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். கீழே பார்க்காமல், பிரஷ்ஷை நிறுத்தாமல் கேட்டாள்.

"ம்மா, வெள்ளிக்கிழமை நான் போறேனா?"

"செவுத்த இப்டி பாதில வுட்டுட்டு எங்க போவே?" என்றேன். "ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு ஏறு."